ஆய்வுக்கூடக் கண்ணாடி: தேவையும் தேர்வும்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், நீரை நெடுநாள் காய்ச்சினால் அதன் ஒரு பகுதி மண்ணாக மாறிவிடும் என்ற கருத்து அறிஞர் பலரிடையே நிலவியது. கண்ணாடிப் பாத்திரத்தில் நீரைத் தொடர்ந்து காய்ச்சியவர்கள் அதன் அடியில் வெண்ணிறப் படிவு சேர்வதைக் கண்டிருந்தனர். பிரெஞ்சு இரசாயன அறிஞர் லவாய்சியர் இக்கருத்தைத் தராசு கொண்டு சோதிக்க முற்பட்டார். ஆவி வெளியேறாதபடி மூடப்பட்ட ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீரை இட்டு, 1768-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியிலிருந்து 101 நாட்கள் இடைவிடாது சூடேற்றினார். பின்னர் எடை போட்டபோது, பாத்திரமும் நீரும் சேர்ந்த மொத்த எடையில் மாற்றம் இல்லை. ஆனால் பாத்திரத்தின் எடை மட்டும் குறைந்திருந்தது. குறைந்த எடையும் நீரில் தோன்றியிருந்த திடப்பொருளின் எடையும் ஏறத்தாழ ஒத்திருந்தன. நீர் மண்ணாக மாறவில்லை; கண்ணாடியே நீரில் கரைந்திருந்தது.

இந்தச் சோதனை ஒரு பழைய நம்பிக்கையைப் போக்கியதோடு நிற்கவில்லை. சோதனை நடக்கும் பாத்திரமும் அச்சோதனையில் பங்கு கொள்கிறது என்பதையும் உணர்த்தியது. மண் பரிசோதனை நிலையம், குடிநீர்ச் சோதனைக்கூடம், மருந்துத் தொழிற்சாலை, கல்லூரி ஆய்வுக்கூடம் ஆகிய எல்லா இடங்களிலும் கண்ணாடிப் பொருள்கள் அன்றாடம் பயன்படுகின்றன. இவற்றை வாங்கும்போது விலையும் எண்ணிக்கையும் கவனிக்கப்படும் அளவுக்குக் கண்ணாடியின் வகையும் கவனிக்கப்பட வேண்டும். ஏனெனில் பிழையான கண்ணாடி பிழையான விடையைத் தரக்கூடும். அந்த விடையை நம்பிச் செயல்படுபவர் ஒரு விவசாயியாகவோ நோயாளியாகவோ இருக்கலாம்.

கண்ணாடியின் இயல்பு

கண்ணாடியின் அடிப்படைப் பொருள் மணலில் உள்ள சிலிக்கா ஆகும். தூய சிலிக்கா உருகுவதற்கு 1,700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். இவ்வளவு வெப்பத்தைப் பெருமளவு உற்பத்தியில் எட்டுவது கடினம். எனவே சோடாவைச் சேர்த்து உருகும் வெப்பநிலையைக் குறைப்பர். சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி நீரில் கரையக்கூடியது. அதைத் தடுக்கச் சுண்ணாம்பும் சேர்க்கப்படுகிறது. சன்னல், புட்டி, வளையல் ஆகியவற்றுக்குப் பயன்படும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி இவ்வாறு உண்டாகிறது. அதில் ஏறத்தாழ 70 முதல் 74 சதவிகிதம் வரை சிலிக்கா இருக்கும்.

வீட்டுத் தேவைக்கு இது போதுமானது. ஆய்வுக்கூடத்தில் இதற்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, வெப்பத்தால் இது அதிகமாக விரிவடைகிறது. ஒரு டிகிரி வெப்ப உயர்வுக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு நீளுகிறது. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் ஒன்றை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அது 0.27 மில்லிமீட்டர் நீளும். இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. கொதிநீரை ஊற்றும்போது உட்புறம் உடனே விரிய முற்படுகிறது. வெளிப்புறமோ குளிர்ந்த நிலையிலேயே இழுபடுகிறது. அழுத்தத்தைத் தாங்கும் வலிமை கண்ணாடிக்கு உண்டு. இழுவையைத் தாங்கும் வலிமை குறைவு. ஆகவே வெளிப்பரப்பில் உள்ள ஏதேனும் ஒரு நுண்ணிய கீறலிலிருந்து விரிசல் புறப்படுகிறது. தடித்த கண்ணாடி உறுதியானது என்று பலர் எண்ணுகின்றனர். சடுதியான வெப்ப மாற்றத்தைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. தடிப்பு மிகும்போது இரு பரப்புகளுக்கும் இடையே வெப்ப வேறுபாடும் மிகுகிறது.

இரண்டாவது குறை, இதிலுள்ள சோடியம் நீரிலும் அமிலத்திலும் சிறிது சிறிதாக வெளியேறுவதாகும். அதனால் பாத்திரத்திலுள்ள கரைசலின் காரத்தன்மை உயர்கிறது. துல்லியமான பகுப்பாய்வுக்கும், ஊசிமருந்தைச் சேமித்து வைப்பதற்கும் இது ஏற்றதன்று.

போரோசிலிகேட் கண்ணாடி

இவ்விரு குறைகளுக்கும் தீர்வு ஜெர்மனியின் ஜேனா நகரில் உருவாயிற்று. ஆட்டோ ஷாட் என்ற இரசாயன அறிஞர், இயற்பியல் அறிஞர் எர்னஸ்ட் ஆபே, நுண்ணோக்கித் தயாரிப்பாளர் கார்ல் ஜைஸ் ஆகியோருடன் சேர்ந்து 1884-இல் அங்கு ஒரு கண்ணாடித் தொழில்நுட்ப ஆய்வுக்கூடத்தை நிறுவினார். கண்ணாடியில் எந்தப் பொருளை எவ்வளவு சேர்த்தால் எந்தப் பண்பு மாறுகிறது என்பதை முறைப்படி ஆராய்ந்ததே அவரது சிறப்பு. போரான் ஆக்சைடைச் சேர்த்தால் கண்ணாடியின் விரிவு குறைவதையும், இரசாயனத் தாக்குதலுக்கு அது ஈடு கொடுப்பதையும் அவர் கண்டார். சில ஆண்டுகளில் ஜேனாவின் வெப்பமானிகளும் குடுவைகளும் உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் இடம் பெற்றன. அமெரிக்காவில் கார்னிங் நிறுவனம், மழையிலும் பனியிலும் வெடித்துவிடும் இரயில்வே விளக்குக் கண்ணாடிகளுக்கு மாற்றுத் தேடிய முயற்சியின் தொடர்ச்சியாக, 1915-இல் பைரக்ஸ் என்ற பெயரில் இத்தகைய கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இன்று ஆய்வுக்கூடங்களில் பெரிதும் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடியில் ஏறத்தாழ 80 சதவிகிதம் சிலிக்கா, 13 சதவிகிதம் போரான் ஆக்சைடு, 4 சதவிகிதம் சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகள், 2 சதவிகிதம் அலுமினா ஆகியவை உள்ளன. இதன் விரிவு பத்து இலட்சத்தில் 3.3 பங்கு மட்டுமே. அதனாலேயே இது '3.3 கண்ணாடி' என்று குறிக்கப்படுகிறது. முன்னர்க் கூறிய 30 சென்டிமீட்டர் குழாய் இக்கண்ணாடியால் ஆனதாயின், அதே வெப்ப உயர்வுக்கு 0.1 மில்லிமீட்டர் மட்டுமே நீளும்.

ஆயினும் இது எல்லாவற்றையும் தாங்கும் பொருள் அன்று. ஹைட்ரோபுளூரிக் அமிலம் எந்தச் சிலிக்காக் கண்ணாடியையும் அரித்துவிடும். சூடான, செறிந்த காரக் கரைசலும் சூடான பாஸ்பாரிக் அமிலமும் இதைக் கரைக்கின்றன. காரக் கரைசலைப் பியூரெட்டில் இரவு முழுதும் விட்டுவைத்தால் அதன் கண்ணாடித் திருகு இறுகிப் போவதை மாணவர் பலர் கண்டிருப்பர். சோம்பலின் விளைவு என்று ஆசிரியர் கண்டிக்கும் அந்நிகழ்ச்சிக்குக் காரணம், லவாய்சியர் கண்ட அதே கரைதல்தான்.

போர் கற்பித்த பாடம்

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த கண்ணாடிப் பொருள்கள் நின்று போயின. பிரிட்டனே இதனால் திகைத்தது. அங்கு ஆய்வுக்கூடக் கண்ணாடிக்கான கலவைகளைக் கண்டறிய விரைவாக ஒரு குழு அமைக்கப்பட்டது. 1915-இல் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் கண்ணாடித் தொழில்நுட்பத் துறை தோன்றியது. இந்தியாவில் சுதேசி இயக்கத்தின் பயனாக அதற்கு முன்பே சில முயற்சிகள் நடந்திருந்தன. பொதுமக்களிடம் ஒவ்வொரு பைசாவாகத் திரட்டப்பட்ட நிதியைக் கொண்டு மகாராஷ்டிரத்தின் தளேகாவில் தொடங்கப்பட்ட பைசா நிதிக் கண்ணாடித் தொழிற்சாலை அவற்றுள் குறிப்பிடத்தக்கது. எனினும் நாட்டில் உற்பத்தியானவை பெரும்பாலும் விளக்குச் சிம்னிகளும் புட்டிகளும் வளையல்களுமே. ஆய்வுக்கூடக் கண்ணாடிக்கு இறக்குமதியையே நம்ப வேண்டியிருந்தது.

கண்ணாடி வேலைப்பாடு அறிவியலுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு நம் நாட்டின் மிகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பே சான்றாகும். 1928-இல் கல்கத்தாவில் சர் சி.வி. இராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது, திரவத்தில் ஒரு தூசியும் இருத்தல் ஆகாது; தூசி சிதறடிக்கும் ஒளி, தேடப்படும் மங்கிய ஒளியை மறைத்துவிடும். எனவே திரவங்கள் வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் வடிக்கப்பட்டு, காற்றுப் புகாத கண்ணாடிக் குமிழ்களில் அடைக்கப்பட்டன. எளிய கருவிகளைக் கொண்டு செய்யப்பட்ட சோதனை என்று அது போற்றப்படுகிறது. அந்த எளிமைக்குப் பின்னால், கசிவின்றிக் கண்ணாடியை உருக்கி மூடும் கைத்திறன் இருந்தது என்பதையும் சேர்த்து நினைவு கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின்

விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சி மன்றம் 1942-இல் தோன்றியது. அதன் தேசிய ஆய்வுக்கூடங்களுள் ஒன்றாக, மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிலையம் கல்கத்தாவின் ஜாதவ்பூரில் 1950-இல் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. அந்நிலையத்தின் இயக்குநராக விளங்கிய டாக்டர் ஆத்மா ராம் தலைமையில், சில நாடுகள் மட்டுமே அறிந்திருந்த ஒளியியல் கண்ணாடித் தயாரிப்பு முறை உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்டு, 1960-களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது. நுண்ணோக்கி, தொலைநோக்கி முதலிய கருவிகளுக்கு வேண்டிய மூலப்பொருள் இதனால் கிடைத்தது. அணுசக்தித் துறைக்கு வேண்டிய கதிர்வீச்சுத் தடுப்புக் கண்ணாடியும் பின்னர் அங்கு உருவாக்கப்பட்டது.

ஆய்வுக்கூடப் பாத்திரங்களைப் பொறுத்தவரை, 1962-இல் மும்பையில் நிறுவப்பெற்று, பின்னர் போரோசில் என்று பெயர் பெற்ற நிறுவனம் கார்னிங் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு போரோசிலிகேட் பொருள்களைத் தயாரித்தது. 1988-இல் கார்னிங் தன் பங்கை விற்று விலகிய பின்னரும் உற்பத்தி தொடர்ந்தது. அரியானாவின் அம்பாலா, அறிவியல் கருவிகள் செய்யும் சிறுதொழில்களுக்குப் பெயர் பெற்ற நகரமாக வளர்ந்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு வேண்டிய கருவிகள் பலவும் அங்கிருந்து செல்கின்றன. கண்ணாடிக் குழாயை வாங்கி, சுடரில் உருக்கிக் குளிர்விப்பான், பிப்பெட், வடிகலன் முதலியவற்றைச் செய்யும் தொழிலுக்குப் பெரிய உலை தேவையில்லை. பயிற்சி பெற்ற கைகளே தேவை. சிறுதொழில் முறைக்கு இது இயல்பாகவே பொருந்துவதாகும்.

உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் நாட்டின் மிகப் பெரிய கண்ணாடித் தொழில் மையங்களுள் ஒன்று. அங்குள்ள திறன் பெரும்பாலும் வளையலிலும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியிலும் வளர்ந்ததாகும். தாஜ் மகாலைக் காக்கும் பொருட்டு 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒட்டி அப்பகுதி ஆலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறின. போரோசிலிகேட் கண்ணாடியை உருக்க 1,600 டிகிரி அளவிலான வெப்பமும், அதைத் தாங்கும் உலைக் கற்களும், சீரான கட்டுப்பாடும் வேண்டும். வளையல் கண்ணாடியிலிருந்து ஆய்வுக்கூடக் கண்ணாடிக்குச் செல்லும் பாதை எளிதானதன்று என்பது இதனால் விளங்கும்.

மூலப்பொருள் நிலை

சிலிக்கா மணலுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. பிரயாக்ராஜ் மாவட்டத்தின் சங்கர்கர் பகுதி மணல் நெடுங்காலமாகக் கண்ணாடி ஆலைகளுக்குப் பயன்பட்டு வருகிறது. மணலில் இரும்பு மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கண்ணாடி பச்சை நிறம் பெறும்.

போரானின் நிலை வேறு. போரானைத் தரும் வெங்காரம் இந்தியர்களுக்குப் புதிய பொருள் அன்று. பொற்கொல்லர் நகைகளைப் பற்றவைக்கவும், வைத்தியர் மருந்து செய்யவும் அதைத் தொன்றுதொட்டுக் கையாண்டு வந்துள்ளனர். இமயத்துக்கு அப்பாலிருந்தும், லடாக்கில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள புகா பள்ளத்தாக்கிலிருந்தும் அது சேகரிக்கப்பட்டு வணிகப் பாதைகளின் வழியே வந்தது. ஆனால் இன்றைய தொழில் தேவையை நிறைவு செய்யும் அளவுக்கு ஆதாயமாக வெட்டி எடுக்கத்தக்க படிவு நாட்டில் இல்லை. உலகின் போரான் இருப்பில் பெரும்பகுதி துருக்கியில் உள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியா மற்றொரு முக்கிய மூலம். ஆகவே பாத்திரம் உள்நாட்டில் செய்யப்பட்டாலும் அதன் சிறப்புப் பண்புக்குக் காரணமான பொருள் கடல் கடந்தே வருகிறது. 1914-இன் பாடம் முற்றிலும் பழையதாகிவிடவில்லை. உடைந்த போரோசிலிகேட் கண்ணாடியைத் தனியே சேகரித்து மீண்டும் உருக்குவது இந்நிலையில் பயனுள்ள சிக்கனமாகும். அதைச் சாதாரணப் புட்டிக் கண்ணாடியோடு கலந்துவிட்டால் இரண்டுமே பயனற்றுப் போகும். இரண்டும் உருகும் வெப்பநிலைகள் வேறு வேறானவை.

அளவும் தரமும்

ஆய்வுக்கூடக் கண்ணாடியின் மற்றொரு பணி அளவிடுதல். 1947-இல் தோன்றிய இந்தியத் தர நிர்ணய நிறுவனமும், 1987-இல் அதன் பணியை ஏற்ற இந்தியத் தரநிலைகள் பணியகமும் இப்பொருள்களுக்குத் தரநிலைகளை வகுத்துள்ளன. அளவுக்குடுவைக்கு ஐ.எஸ். 915, பியூரெட்டுக்கு ஐ.எஸ். 1997, பீக்கருக்கு ஐ.எஸ். 2619, அளவு ஜாடிக்கு ஐ.எஸ். 878 என்பன அவற்றுள் சில. கண்ணாடியிலிருந்து காரம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதைக் கொண்டு தரம் பிரிக்கும் முறையை ஐ.எஸ். 2303 கூறுகிறது.

அளவுக் கருவிகளில் 'ஏ', 'பி' என இரு வகுப்புகள் உண்டு. 100 மில்லிலிட்டர் அளவுக்குடுவையில் 'ஏ' வகுப்புக்கு அனுமதிக்கப்படும் பிழை 0.1 மில்லிலிட்டர், 'பி' வகுப்புக்கு அதன் இரு மடங்கு. பள்ளி மாணவரின் பயிற்சிக்கு 'பி' வகுப்பு போதுமானது. மருந்தின் செறிவைச் சான்றளிக்கும் சோதனைக்கு அது போதாது.

குடுவையின் கழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் வெப்பநிலையும் கவனத்திற்குரியது. ஐரோப்பிய நாடுகளில் 20 டிகிரியில் அளவு குறிக்கப்படுகிறது. வெப்ப நாடுகளுக்கு 27 டிகிரியைக் கொள்ளலாம் என்று சர்வதேசத் தரநிலை இடமளிக்கிறது. இந்தியத் தரநிலைகளும் 27 டிகிரியைக் கையாண்டுள்ளன. இந்த ஏழு டிகிரி வேறுபாட்டால் ஒரு லிட்டர் போரோசிலிகேட் குடுவையின் கொள்ளளவு 0.07 மில்லிலிட்டர் மட்டுமே மாறுகிறது. ஆனால் நீர் கண்ணாடியைவிடப் பலமடங்கு விரிவடைவது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் அடையாளம் வரை நிரப்பிய நீரைவிட, 27 டிகிரியில் நிரப்பிய நீர் ஏறத்தாழ 1.7 கிராம் குறைவாக இருக்கும். குளிரூட்டப்படாத நம் ஆய்வுக்கூடங்களில், கரைசலைத் தயாரிக்கும்போதும் பயன்படுத்தும்போதும் நிலவும் வெப்பநிலையைக் குறித்து வைப்பது ஏன் கற்பிக்கப்படுகிறது என்பது இதனால் புலனாகும்.

தரப்படுத்தலின் பயனைத் தெளிவாகக் காட்டுவது கூம்பு இணைப்பு. முற்காலத்தில் குடுவையையும் குளிர்விப்பானையும் தக்கை அல்லது இரப்பர் கொண்டு இணைத்தனர். கரிமக் கரைப்பான்கள் அவற்றை அரித்துக் கலங்கலாயின. இன்று தேய்த்துச் சொரசொரப்பாக்கிய கூம்புகள் ஒன்றோடொன்று நேராகப் பொருந்துகின்றன. ஒவ்வொரு 10 மில்லிமீட்டர் நீளத்திற்கும் விட்டம் 1 மில்லிமீட்டர் குறைய வேண்டும் என்பது விதி. 24/29 என்று பொறிக்கப்பட்ட இணைப்பில் அகன்ற முனையின் விட்டம் 24 மில்லிமீட்டர்; தேய்த்த பகுதியின் நீளம் 29 மில்லிமீட்டர். இந்த ஒரு விதியால் ஒரு நகரில் செய்த குடுவை வேறொரு நாட்டில் செய்த குளிர்விப்பானோடு பொருந்துகிறது. ஓர் உறுப்பு உடைந்தால் அதை மட்டும் வாங்கினால் போதும். முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டியதில்லை.

மண்ணுக்குப் பதில் பேசும் கண்ணாடி

உயர்ந்த கண்ணாடி எல்லாச் சோதனைக்கும் ஏற்றதா? இல்லை என்பதற்கு மண் பரிசோதனை நல்ல எடுத்துக்காட்டு. 2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின்கீழ் மண்ணின் 12 கூறுகள் சோதிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று போரான். பீகார், மேற்கு வங்காளம், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களின் பல பகுதிகளில் போரான் பற்றாக்குறை காணப்படுகிறது. வெந்நீரில் கரையும் போரான் ஒரு கிலோகிராம் மண்ணில் 0.5 மில்லிகிராமுக்குக் குறைவாயின் பற்றாக்குறை என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

சோதனைக்கு 20 கிராம் மண்ணை எடுத்து நீரில் காய்ச்சுவதாகக் கொள்வோம். பற்றாக்குறை எல்லையில் உள்ள மண்ணாயின், அதிலிருந்து வெளிவருவது ஒரு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு போரான். போரோசிலிகேட் கண்ணாடியின் எடையில் ஏறத்தாழ 4 சதவிகிதம் போரான். அப்படியானால் கால் மில்லிகிராம் கண்ணாடி கரைந்தாலே போதும்; மண் தருவதற்குச் சமமான போரானைப் பாத்திரமே தந்துவிடும். முழு அளவு கரையாமல் அதில் ஒரு பங்கு கரைந்தாலும் முடிவு பிறழும். பற்றாக்குறையுள்ள வயல் போதுமான சத்துள்ளதாக அட்டையில் பதிவாகலாம். பூக்கள் காய் பிடிக்காத காரணத்தை விவசாயி வேறெங்கோ தேடுவார். இதனாலேயே போரான் சோதனைக்குப் போரான் கலவாத கண்ணாடியோ, சிலிக்காப் பாத்திரமோ, பாலிபுரொப்பிலீன் கலமோ பயன்படுத்த வேண்டும் என்று செய்முறை நூல்கள் வலியுறுத்துகின்றன. எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் ஒரே வகைக் கண்ணாடியை மொத்தமாக வாங்கி அனுப்பும் நிர்வாக வசதி, இவ்விடத்தில் சோதனையையே வீணாக்கிவிடும்.

பொருள் இரசாயனத்தின் தேவைகள்

புதிய திடப்பொருள்களை உருவாக்கும் பொருள் இரசாயனத்தில் கண்ணாடியின் பங்கு மேலும் நுணுக்கமானது. கந்தகம், செலினியம், டெல்லூரியம் போன்றவற்றை உலோகங்களோடு சேர்த்துச் சூடாக்கும்போது காற்று பட்டால் அவை ஆக்சைடாகிவிடும். திறந்து வைத்தால் ஆவியாகிவிடும். ஆகவே மூலப்பொருள்களைச் சிலிக்காக் குழாயில் இட்டு, காற்றை வெளியேற்றி, குழாயின் வாயை உருக்கி மூடி, பின்னர் உலையில் வைக்கின்றனர். ஒரு சிறு கசிவு இருந்தாலும் பல நாள் உழைப்பு வீணாகும். ஆவி அழுத்தத்தைக் கணக்கிடாமல் சூடேற்றினால் குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்து நேரும்.

உருக்கிய சிலிக்காவின் விரிவு பத்து இலட்சத்தில் 0.55 பங்கு மட்டுமே. செஞ்சூட்டில் இருக்கும் சிலிக்காக் குழாயைத் தண்ணீரில் இட்டாலும் உடைவதில்லை. எனினும் அதைக் கையால் தொடுவது தவறு. வியர்வையிலுள்ள உப்பு ஒட்டிய இடத்தில், உயர் வெப்பத்தில் சிலிக்கா படிகமாக மாறி, வெண்மை படர்ந்து, நொறுங்கும் தன்மை அடைகிறது. விரல் ரேகை விழுந்த இடத்திலேயே குழாய் உடைவதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர்.

சிலிக்காக் குழாயைப் போரோசிலிகேட் குழாயோடு நேராக இணைக்கவும் இயலாது. இரண்டின் விரிவும் ஆறு மடங்கு வேறுபடுவதால் ஆறும்போது இணைப்பு பிளந்துவிடும். இடையே சிறிது சிறிதாக விரிவு கூடும் பல கண்ணாடிகளை வரிசையாக இணைத்துப் படிப்படியாகக் கொண்டு செல்ல வேண்டும். உலோகக் கம்பியைக் கண்ணாடியினுள் புகுத்தும்போதும் விரிவு ஒத்த உலோகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். மாறாக, சியோலைட்டு போன்றவற்றைச் செறிந்த காரக் கரைசலில் உண்டாக்கும்போது கண்ணாடியே கரைந்து சிலிக்காவைச் சேர்த்துவிடுமாதலால் டெப்லான் உறையிட்ட கலங்கள் பயன்படுகின்றன. எங்குக் கண்ணாடியைப் பயன்படுத்தலாகாது என்று அறிவதும் கண்ணாடி அறிவின் ஒரு பகுதியே.

கண்ணாடி ஊதுவோர்

பீக்கரையும் அளவு ஜாடியையும் இயந்திரம் ஆயிரக்கணக்கில் செய்துவிடும். ஆனால் ஓர் ஆய்வாளர் தம் சோதனைக்கென்று வரைந்து கொடுக்கும் கருவி உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதைச் செய்பவர் கண்ணாடி ஊதும் தொழிலாளர். எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்த சுடரில் குழாயை இரு கைகளாலும் ஒரே வேகத்தில் சுழற்றி, இளகிய தருணத்தில் இரப்பர்க் குழாயின் வழியே அளவாக ஊதி அவர் வடிவம் கொடுக்கிறார். சூடான கண்ணாடியிலிருந்து எழும் சோடியத்தின் மஞ்சள் ஒளி கண்ணை மறைக்காதிருக்கத் தனி வகை மூக்குக் கண்ணாடி அணிகிறார். முடிந்த கருவியை 560 டிகிரி அளவில் உலையில் வைத்து மெல்ல ஆறவிட வேண்டும். இல்லையேல் உள்ளே தங்கிய இறுக்கம் பல நாள் கழித்து, யாரும் தொடாதபோதும், அதை உடைத்துவிடும். தளவிளைவுற்ற ஒளியில் பார்த்தால் அந்த இறுக்கம் வண்ணப் பட்டைகளாகத் தெரியும்.

பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் போன்றவை தம்முள்ளேயே கண்ணாடி ஊதும் பிரிவுகளை வைத்து வளர்த்தன. ஆய்வாளரும் தொழிலாளரும் அருகருகே இருந்து, வரைபடத்தைத் திருத்தித் திருத்திக் கருவியை உருவாக்கும் வாய்ப்பு அங்கு அமைந்தது. இத்திறனுக்குச் சில மாதப் பயிற்சி போதாது. பல ஆண்டுகள் மூத்தவரின் பக்கத்தில் நின்று கற்க வேண்டும். மேலை நாடுகளிலும் இத்தொழிலாளர் அருகி வருகின்றனர். அமெரிக்காவில் இதற்கெனப் பட்டயக் கல்வி அளிப்பதற்குப் பெயர் பெற்றது நியூ ஜெர்சியின் சேலம் சமுதாயக் கல்லூரி ஒன்றே. ஒருவர் ஓய்வு பெற்ற பின் அவ்விடம் சில ஆண்டுகள் காலியாக இருந்தால், இழப்பது ஒரு பணியிடத்தை மட்டும் அன்று. கற்பிக்க வேண்டியவரே இல்லாமற் போகிறார். உலையைப் பணம் கொடுத்து வாங்கலாம். அற்றுப் போன பயிற்சித் தொடர்ச்சியை அவ்வாறு வாங்க இயலாது.

செய்யத்தக்கவை

முதலாவது, கொள்முதலில் தெளிவு வேண்டும். 'கண்ணாடிப் பீக்கர், 250 மில்லிலிட்டர்' என்று மட்டும் ஒப்பந்தப்புள்ளியில் குறிப்பிட்டால், சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியைத் தருபவரே குறைந்த விலை கோருவார்; விதிப்படி அவரிடமே வாங்க நேரும். அடுப்பில் வைத்த பீக்கர்கள் அந்த ஆண்டே உடைந்தால், மலிவாக வாங்கியது இருமுறை வாங்கியதாக முடியும். வேண்டிய பொருளின் தரம், வகை, அளவு ஆகியவை தேவைக்கேற்பத் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளே கூறுகின்றன. கண்ணாடியின் வகை, இந்தியத் தரநிலை எண், வகுப்பு, அளவு குறித்த வெப்பநிலை ஆகிய நான்கையும் குறிப்பிடுவதற்கு ஒரு வரி போதும். சோதனை செய்பவரைக் கலந்து அந்த வரியை எழுதுவது கொள்முதல் அலுவலரின் கடமையாகும்.

இரண்டாவது, பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் கண்ணாடி ஊதும் பிரிவுகளை வட்டார அடிப்படையில் பகிர்ந்து கொள்ளலாம். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிப்பிரிவு இயலாது. ஆனால் பல கல்லூரிகளுக்கு ஒன்று இயலும். அங்கு மூத்தவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே பயிலுநர் அமர்த்தப்பட வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களும் அம்பாலா போன்ற தொழில் மையங்களும் இதில் இணைக்கப்படலாம்.

மூன்றாவது, மாணவருக்குக் கண்ணாடியைப் பற்றிக் கற்பிக்க வேண்டும். கரைசலைப் பற்றிக் கற்பிக்கும் பாடம், அக்கரைசல் இருக்கும் பாத்திரத்தைப் பற்றி மௌனமாக இருப்பது முறையன்று. கீறல் விழுந்த குடுவையைச் சூடாக்கலாகாது. அளவுக்குடுவையை அடுப்பில் வைக்கலாகாது. போரானைத் தேடும்போது போரோசிலிகேட்டில் தேடலாகாது. இவற்றுக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் மாணவர் மறக்கமாட்டார்.

கண்ணாடி ஒளிபுகும் பொருளாதலால் பார்வை அதைக் கடந்து உள்ளிருப்பதையே நோக்குகிறது. பாத்திரத்தையும் தராசில் ஏற்றிய லவாய்சியர், அது அங்கே இருக்கிறது என்பதை மறக்கவில்லை. மண்வள அட்டையில் பதியும் ஒவ்வோர் எண்ணுக்கும், மருந்துக் குப்பியின் மீது ஒட்டப்படும் ஒவ்வொரு சான்றுக்கும் பின்னால் இத்தகைய கவனம் இருக்குமாயின், அவற்றை மக்கள் நம்பி ஏற்கலாம்.